அங்கமும் அங்கத்துவமும்: செயற்கை அவயவக் கைவினைஞர் சங்கங்களின் இணைப்பு விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சங்கமொன்றின் அமைப்பு விதிகளை நாம் ‘யாப்பு’ என்கிறோம். செய்யுளின் கட்டமைப்பைக் குறிக்கவும் அதே சொல்லையே வழங்குகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுத்துக் கூறும். சங்கத்தின் யாப்பும் தனக்குரிய உறுப்பினர் யாவர் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டே மேற்செல்லும். உறுப்பினர், அங்கத்தவர் என்பன அண்மைக்கால வழக்குகளே எனினும், சமூகக் குழுவொன்றை உடலாகவும் அதனைச் சேர்ந்தோரை அவ்வுடலின் கைகால்களாகவும் காணும் நோக்கு மிகப் பழையது. இழந்த அவயவத்திற்குப் பதிலாக இன்னோர் அவயவத்தை ஆக்கிக் கொடுப்போர் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது, அச்சங்கத்தின் அங்கம் யார் என்ற வினாவுக்கு அளித்த விடைகளே இக்கட்டுரையின் பொருளாகும். இலக்கிய மாணவருக்கு இது புறம்பான துறையாகத் தோன்றலாம். ஆயின் சங்க விதியும் ஒரு பனுவலே. அது எவரைப் பேசுகிறது, எவரைப் பேசாது விடுகிறது என்று வாசிப்பது நமது தொழிலுக்குப் புறம்பானதன்று.

இங்கு இரண்டு கைவினைகள் சம்பந்தப்படுகின்றன. இல்லாத காலுக்கும் கைக்கும் பதிலாகச் செயற்கை அவயவம் செய்து பொருத்துவது ஒன்று. இது புரொஸ்தெற்றிக்ஸ் எனப்படும். இருக்கும் அவயவம் வலுவிழந்தோ வளைந்தோ உள்ளபோது அதனைத் தாங்கி நிறுத்தும் கருவிகளைச் செய்வது மற்றையது. இது ஓர்தோற்றிக்ஸ் எனப்படும். இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட பிள்ளைகள் அணிந்த இரும்புத் தாங்கிகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். இவ்விரண்டும் இன்று ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. ஒரே பட்டத்தின் கீழ்க் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. இவை எவ்வாறு ஒரு சங்கத்துள் வந்தன, வந்தபின் எல்லைகள் எங்கே வரையப்பட்டன என்பதை நோக்கின், இணைப்பு என்பது எல்லையை அழிப்பதில்லை, வெளியே இருந்த எல்லையை உள்ளே கொண்டுவருகிறது என்பது புலனாகும்.

உடலைத் தொட்டுத் தொழில் செய்தோரின் இணைப்புகளுள் வரலாற்றிற் பெரிதும் அறியப்பட்டது 1540ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியிற் பாராளுமன்றச் சட்டமொன்று நாவிதர் கம்பெனியையும் சத்திர வைத்தியர் குழுவையும் ஒன்றாக்கியது. தமிழகத்தில் நாவிதர் சமூகத்தினர் மருத்துவர் என்ற பெயராலும் அறியப்படுவதை எண்ணிப் பார்க்கும் நமக்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது. இணைந்த கம்பெனிக்கு நால்வர் தலைவர். இருவர் சத்திரசிகிச்சையில் வல்லோர், இருவர் சவரத்தில் வல்லோர். தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள் ஆண்டுக்கு நான்கு, அறுத்துக் கற்பதற்காக வழங்கப்பட்டன. இவ்வளவும் ஐக்கியத்தின் அடையாளங்கள். ஆனால் அதே சட்டம், நாவிதர் பல் பிடுங்குவது தவிர்ந்த வேறெந்தச் சத்திரசிகிச்சையும் செய்யலாகாது என்றும், சத்திர வைத்தியர் சவரஞ் செய்யலாகாது என்றும் விதித்தது. ஒரு கூரையின் கீழ் இரு தொழில்களையும் கொண்டுவந்த சட்டமே அவற்றின் நடுவே சுவரையும் எழுப்பியது. இவ்விணைப்பைக் கொண்டாடும் ஹோல்பைனின் ஓவியத்தில் அரசனுக்கு ஒரு புறத்தே அரச வைத்தியர்கள் தனித்து முழந்தாளிட்டிருப்பர். இணைந்த சங்கத்தார் கூட்டமாக மறுபுறம் இருப்பர். நூல் கற்ற வைத்தியர் இந்த இணைப்புக்குள் வரவே இல்லை. கைத்தொழிலாளர் இருவகையினரை ஒன்றாக்கியதால் அவர்களுக்கு மேலிருந்த படி அசையவில்லை என்பதை அவ்வோவியம் சட்டத்தை விடத் தெளிவாகக் காட்டுகிறது.

சத்திர வைத்தியர் தமது நிலை உயர்ந்ததும் 1745இற் பிரிந்து சென்றனர். சவரக் கத்தியுடன் பிறந்த உறவு அவர்களுக்குச் சுமையாயிற்று. 1800இல் அவர்களது அமைப்பு அரச கல்லூரியாகியது.

பிரான்சில் இதே முரண்பாடு ஒரு மனிதரின் வாழ்விற் குவிந்தது. அம்புருவாஸ் பரே நாவிதச் சத்திர வைத்தியராகப் பயின்றவர். இலத்தீன் அறியாதவர். யுத்தகளத்திற் கற்றதைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர். 1554இல் அவர் பரிசிலிருந்த புனித கோஸ்மின் சத்திர வைத்தியர் குழுவிற் சேர்க்கப்பட்டபோது, இலத்தீன் அறியாத ஒருவரைச் சேர்ப்பதா எனப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தார் எதிர்த்தனர். அங்கத்துவ விதியில் மொழி எவ்வாறு வர்க்கத்தின் காவலனாக நிற்கிறது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. செயற்கை அவயவ வரலாற்றிற் பரேயின் பெயர் முதன்மையானது. அசையும் விரல்களையுடைய இரும்புக் கையையும், மடக்கக்கூடிய முழங்காலையுடைய செயற்கைக் காலையும் அவர் படம் வரைந்து வெளியிட்டார். ஆனால் இவற்றைச் செய்தவர் பரிசில் வாழ்ந்த பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவர். பரே அவரை நன்றியுடன் குறிப்பிடுகிறார். எனினும் ‘சின்ன லொறெய்ன்காரன்’ என்ற ஊர்ப்பெயரன்றி அக்கொல்லரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை.

நமது மரபிலும் இதற்கு இணையுண்டு. கீரந்தை மனைவியின் கதவைத் தட்டிய தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரம் கட்டுரை காதையிற் குறிப்பிடும். மரபு அவனைப் பொற்கைப் பாண்டியன் என்று போற்றும். கையிழந்த மன்னனின் நீதி பேசப்படுகிறது. பொன்னாற் கை செய்து பொருத்திய கம்மியனைப் பற்றி எவரும் பேசவில்லை. பரேயாவது கொல்லரின் ஊரைச் சொன்னார்.

இனி, இக்கைவினைகள் நவீன சங்கமாக உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவுக்கு வருவோம். அங்கு செயற்கைக் கால் செய்தோருட் பலர் தாமே காலிழந்தோராயிருந்தனர். 1846இற் புதியதோர் செயற்கைக் காலுக்கு உரிமப் பத்திரம் பெற்ற பெஞ்சமின் பிராங்க் பாமர் சிறுவயதிலேயே காலிழந்தவர். உள்நாட்டு யுத்தத்தின் தொடக்கத்தில், 1861 ஜூன் மாதம், 18 வயது மாணவனான ஜேம்ஸ் எட்வர்ட் ஹாங்கர் பீரங்கிக் குண்டினாற் காலிழந்தார். கொடுக்கப்பட்ட மரக்கட்டைக் காலில் நிறைவு கொள்ளாமல், பீப்பாய்ப் பலகைகளைச் சீவித் தனக்கெனக் கால் செய்தார். பின் அதனையே தொழிலாக்கினார். ஆக, இத்தொழிலின் ஆரம்ப நிலையிற் செய்பவரும் அணிபவரும் ஒருவரே. பாவனையாளரின் வலியே கைவினைஞரின் ஆசானாயிருந்தது. இதனை நாம் மனத்திருத்த வேண்டும். பின்வந்த அங்கத்துவ விதிகள் அனைத்தும் இவ்வொருமையைக் குலைத்தே எழுந்தன.

அவ்யுத்தத்தில் இருதரப்பிலும் ஏறத்தாழ 60,000 அவயவ வெட்டுச் சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன என்பது பொதுவாகக் கூறப்படும் கணிப்பு. 1862 முதல் ஒன்றிய அரசு தன் போர்வீரர்க்குக் காலுக்கு 75 டொலரும் கைக்கு 50 டொலரும் வழங்கியது. 1870இன் சட்டம் 5 ஆண்டுகளுக்கொருமுறை புதிய அவயவம் பெறும் உரிமையைக் கொடுத்தது. தோற்ற தெற்கில், மிசிசிப்பி மாநிலம் 1866ஆம் ஆண்டிலே தன் வருமானத்தின் ஐந்திலொரு பங்கைச் செயற்கை அவயவங்களுக்குச் செலவிட்டது. இவ்வெண்கள் வெறும் புள்ளிவிபரங்கள் அல்ல. நாட்டுத் தச்சனின் பட்டறை அரசின் கொள்முதலால் வளர்ந்து தொழிற்சாலையாகும் பொருளாதார அடித்தளத்தை இவை காட்டுகின்றன. யுத்தம் கேள்வியை உருவாக்கியது; அரசு விலையை நிர்ணயித்தது; உரிமப் பத்திரம் உடைமையாளரை உருவாக்கியது.

எனவே, 1917இல் ஐக்கிய அமெரிக்கா உலக யுத்தத்தில் நுழைந்த ஆண்டில், அரசின் அழைப்பின்பேரில் வாஷிங்டனிற் கூடிய செயற்கை அவயவத் தொழிலார் அமைத்த சங்கம் ‘அமெரிக்க அவயவ உற்பத்தியாளர் சங்கம்’ எனப் பெயர்கொண்டதில் வியப்பில்லை. உற்பத்தியாளர் என்ற சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மரத்தைக் குடைந்தவர், தோலைத் தைத்தவர், எஞ்சிய அங்கத்தின் மீது உறையைப் பொருத்திப் பார்த்தவர் ஆகியோரே உண்மையில் உற்பத்தி செய்தனர். ஆயின் சங்கத்தின் கண்ணில் உற்பத்தியாளர் என்போர் நிறுவனத்தை உடையவரே. அரசுடன் பேரம் பேசுவதற்காகத் தோன்றிய சங்கத்தில் அங்கத்துவ அலகு மனிதராக இருக்கவில்லை, நிறுவனமாக இருந்தது. (பிரித்தானியாவில் 1915இல் ரோஹாம்ப்டன் வைத்தியசாலையிற் பட்டறை அமைத்தோருள் ஹாங்கரின் பெயர் தாங்கிய கம்பெனியும் ஒன்று. கால் இழந்த மாணவனின் பீப்பாய்ப் பலகை 54 ஆண்டுகளிற் கடல் கடந்த மூலதனமாயிற்று.) எதிர்பார்த்த அளவு அமெரிக்கக் காயக்காரர் வரவில்லை, அவயவமிழந்து திரும்பிய அமெரிக்க வீரர் ஏறத்தாழ 4,400 பேரே. பிரித்தானியாவில் அத்தொகை 41,000ஐ அண்மித்தது.

மற்றைக் கைவினையின் வழி வேறு. தாங்கி செய்தோர் கொல்லர், தோற்றொழிலாளர், கவசம் செய்தோர் ஆகியோரின் வழிவந்தவர். அவர்களுக்கு யுத்தத்தைவிட நோயே பிழைப்பளித்தது. அரசைவிட வைத்தியசாலையே எசமானாயிருந்தது. லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891) பரம்பரை என்புமுறிவு வைத்தியக் குடும்பத்திற் பிறந்து முறையாக வைத்தியம் கற்றவர். தன் வீட்டோடிணைந்த பட்டறையில் ஒரு கொல்லரையும் ஒரு தோற்றொழிலாளரையும் வைத்துத் தனது தாங்கிகளைச் செய்வித்தார். தாங்கி இன்றும் தோமஸின் பெயராலேயே வழங்குகிறது. செயற்கைக் கால் செய்தவர் தன் கடையின் முதலாளி. தாங்கி செய்தவர் பெரும்பாலும் வைத்தியரின் கட்டளையை நிறைவேற்றும் கை. இவ்வேறுபாடு திறமையின் வேறுபாடன்று. உற்பத்தி உறவின் வேறுபாடு.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், 1940களின் பிற்பகுதியில், இவ்விரு பிரிவினரும் ஒரு சங்கத்துள் வந்தனர். அவயவ உற்பத்தியாளர் சங்கம் ‘முடநீக்குக் கருவி, அவயவ உற்பத்தியாளர் சங்கம்’ எனப் பெயர் மாறியது. இதற்கான காரணத்தை நல்லெண்ணத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. செயற்கை அவயவச் சந்தை யுத்தத்தோடு பெருகி அமைதியோடு வற்றுவது. தாங்கிச் சந்தைக்கு இளம்பிள்ளைவாதம் ஆண்டுதோறும் கேள்வியை அளித்தது. 1952இல் மட்டும் அந்நாட்டில் 57,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். ஒன்றின் வரட்சியை மற்றதன் ஈரம் ஈடுசெய்யும். இதனோடு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. திரும்பிவந்த வீரர்கள் தமக்குத் தரப்பட்ட கால்கள் கனமானவை, பொருந்தாதவை, பழைய பாணியின என்று வெளிப்படையாகக் கண்டித்தனர். 1945இல் இராணுவத் தலைமைச் சத்திர வைத்தியரின் வேண்டுகோளின்பேரில் தேசிய விஞ்ஞானக் கழகம் செயற்கை அவயவ ஆராய்ச்சியைத் தன் பொறுப்பில் எடுத்தது. உலோகவியலாளரும் பொறியியலாளரும் உடற்கூற்றியலாளரும் தச்சனின் மேசையைச் சூழ்ந்து நின்றனர். தொழில் தன் தகுதியை நிரூபித்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது.

அந்நிலையில் 1948இற் பிறந்ததே சான்றளிக்கும் சபை. அதன் முதற் பெயரில் ‘செயற்கை அவயவ, முடநீக்குக் கருவிக் கைத்தொழில்’ என்ற தொடர் இருந்தது. சபையிலே கைத்தொழிலின் பிரதிநிதிகளுடன் முடநீக்கியற் சத்திரசிகிச்சை நிபுணர்களும் அமர்ந்தனர். முதன்முறையாக நிறுவனத்திலிருந்து மனிதர் பிரித்து எண்ணப்பட்டார். சான்று பெற்ற அவயவவியலாளர், சான்று பெற்ற தாங்கியலாளர் என்போர் தோன்றினர். இதனை நாம் முன்னேற்றமெனவே கருதுகிறோம். ஏனெனில், முதலாளியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்திருந்த கைவினைஞர் தன் பெயரால் ஒரு தகுதியைப் பெற்றார். ஆனால் அத்தகுதி இரண்டு எல்லைகளையும் கூடவே கொணர்ந்தது. மேலே, வைத்தியரின் பரிந்துரையின்றி அவர் தொழிற்படலாகாது. 1540இன் ஓவியத்திலே தனித்து முழந்தாளிட்டோர் இங்கே மேசையின் தலைப்பில் அமர்ந்துவிட்டனர். கீழே, நோயாளியை அளந்து பொருத்துபவருக்கும் பட்டறையிற் கருவியைச் செய்பவருக்கும் இடையில் ஒரு கோடு விழுந்தது. 1950களில் லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க், சிக்காகோ நகரப் பல்கலைக்கழகங்கள் இத்துறையிற் பாடநெறிகளைத் தொடங்கியதும் அக்கோடு தடித்தது. 1970இல் தனிமனித அங்கத்துவம் கொண்ட கல்விக் கழகம் தோன்றியது. சான்று பெற்றவரே அதன் அங்கத்தவர். நிறுவனங்களின் சங்கம் ஒரு புறம், சான்றாளரின் கழகம் மறுபுறம். பட்டறைத் தொழிலாளிக்குப் பின்னாளில் ‘தொழில்நுட்பவியலாளர்’ என்ற தனிச் சான்று கிடைத்தது, அது கீழ்ப்படி. இன்று அந்நாட்டில் இத்தொழிலுக்குள் நுழைய முதுமாணிப் பட்டம் வேண்டப்படுகிறது.

சான்றளிக்கும் சபை 2007இல் மேலுமோர் இணைப்பைக் கண்டது. நோயுற்ற பாதங்களுக்கென விசேட பாதணி செய்வோரின் சபை அதனுடன் ஒன்றாயிற்று. இதனால் சபையின் பெயர் நீண்டது: தாங்கியல், அவயவவியல், பாதணியியல். செருப்புத் தைத்த கை உயர்தொழிலின் பெயர்ப்பலகையில் ஏறியதை நாம் மகிழ்ச்சியுடனேயே குறிக்கிறோம். அது மூன்றாவதாக ஏறியது என்பதையும் குறித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். தகுதி விதிகள் நோயாளியைக் காக்கின்றன அல்லவா? பொருந்தாத உறை எஞ்சிய அங்கத்தைப் புண்ணாக்கும். தவறான நீளம் முதுகெலும்பை வளைக்கும். பயிலாதவர் கையில் நோயாளியை ஒப்படைப்பதுதானா முற்போக்கு? இவ்வாட்சேபத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. கைவினை மரபைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் மனப்பாங்கு நமக்கில்லை. பழைய பட்டறைகளிலே தொழில் இரகசியம் தந்தையிடமிருந்து மகனுக்கே போயிற்று. வெளியார்க்கும் பெண்களுக்கும் அது மூடிய கதவாயிருந்தது. பரீட்சையும் பல்கலைக்கழகமும் அக்கதவைத் திறந்தன. 1945இற் காலிழந்த வீரர் எழுப்பிய குரல் இன்றி எத்தரமும் உயர்ந்திருக்காது. நமது வினா வேறு. அக்குரலை எழுப்பியோர் அமைந்த சங்கத்தில் எங்கே இருந்தனர்? பாமரும் ஹாங்கரும் அணிபவராகவும் செய்பவராகவும் இருந்த தொழிலில், நூறாண்டின் பின் அணிபவர் ‘நோயாளி’ ஆனார். தரத்தின் பெயரால் விதி எழுதப்பட்டது. தரத்தைத் தன் தோலில் அறிபவர் விதியை எழுதவில்லை. தகுதியைக் காக்கும் விதியும் சந்தையைக் காக்கும் விதியும் ஒரே வாக்கியத்தில் எழுதப்படும்போது எது எதுவெனப் பிரித்தறிவதே திறனாய்வாளரின் கடமை. 1540இன் சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே பாராளுமன்றம், சத்திர வைத்தியரின் பேராசையைக் கண்டித்து, மூலிகையறிவுடைய எளியோர் புறநோய்களுக்கு மருந்திடலாம் என இன்னொரு சட்டம் இயற்ற நேர்ந்ததும் இப்பிரிவினையின் விளைவே.

ஆசியாவில் இவ்வினா ஜெய்ப்பூரிலே கூர்மை பெற்றது. அந்நகரின் அரச வைத்தியசாலையில் 1968ஆம் ஆண்டளவில் உருவான ஜெய்ப்பூர்ப் பாதம், முடநீக்கியல் நிபுணர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் கூடி ஆக்கியது. பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த சர்மா, வைத்தியசாலையிலே நோயாளர்க்குக் கைவினை கற்பிக்க வந்தவர். இறக்குமதியான பாதம் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கவே ஏற்றது. சப்பாத்தின்றி வயலில் நடப்பவருக்கும், நிலத்திற் சப்பணமிட்டு அமர்பவருக்கும், குந்தியிருப்பவருக்கும் அது பயன்படவில்லை. இறப்பரை அச்சிலிட்டு வேகவைத்துச் சர்மா வார்த்த பாதம் இவ்வாழ்க்கைக்கு இசைந்தது. 1981இல் மக்சேசே விருது சேத்திக்கு வழங்கப்பட்டது. அவர் அவ்விருதுக்குத் தகுதியானவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1992இன் இந்தியப் புனர்வாழ்வுச் சபைச் சட்டம் செயற்கை அவயவவியலாளரையும் தாங்கியலாளரையும் பதிவுக்குரிய தொழிலினராக வகுத்தது. பதிவேட்டிற் பெயரில்லாதோர் மாற்றுத்திறனாளிகளிடையே தொழில் புரிவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஏற்கெனவே தொழிலில் இருந்தோருக்காக ஒரு குறுகியகாலப் பாலப் பயிற்சியை அச்சபை பின்னர் நடத்தியது. விதி வரும்போது உள்ளிருப்போர்க்கு ஒரு பாலம் போடுவதும், அவர்கள் கடந்தபின் அதனை எடுத்துவிடுவதும் இத்தகைய சபைகளின் பொதுவழக்கு.

ஜெய்ப்பூரின் தொழில்நுட்பம் யுத்தத்தின் வழியே நம்மையும் வந்தடைந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. மிதிவெடியில் காலிழந்தோருக்குப் பல்லாண்டு காலம் அதன் பட்டறையே நடையைத் திருப்பிக் கொடுத்தது. 2004இல் ராகமையில் இத்துறைக்கான பாடசாலை நிறுவப்பட்டு, 3 ஆண்டு டிப்ளோமா கற்பிக்கப்படலாயிற்று. அந்த டிப்ளோமா, 1970இல் கொப்பன்ஹேகனில் தோன்றிய சர்வதேசச் சங்கம் வகுத்த இரண்டாம் வகுப்புக்குரியது. அச்சங்கம் இத்தொழிலினரை மூன்று வகுப்புகளாக்கியது: பட்டம் பெற்று நோயாளியை மதிப்பிட்டுப் பொருத்துபவர் முதலாம் வகுப்பு, குறைந்த கல்வியுடன் அதே பணியிற் பெரும்பகுதியைச் செய்பவர் இரண்டாம் வகுப்பு, நோயாளியைப் பொறுப்பேற்காது பட்டறையிற் செய்பவர் மூன்றாம் வகுப்பு. 2018இல் எண்கள் நீக்கப்பட்டுப் பெயர்கள் இடப்பட்டன. பணியின் பிரிவு அவ்வாறே இருக்கிறது.

இவ்வட்டவணையில் இராம் சந்திர சர்மாவை எங்கே இருத்துவது என்று நாம் பார்த்தோம். அச்சில் இறப்பரை வார்த்ததால் அவர் மூன்றாம் வகுப்பு. அணிந்தவர் நடப்பதைக் கண்டு பாதத்தைத் திருத்தித் திருத்தி அமைத்ததால் அவர் செய்தது முதலாம் வகுப்பின் வேலை. பத்திரங்களைக் கேட்டால், அவருக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை.